பழைய விலாசம்

செல்வி: மறுபடியும் வந்துட்டு பாய்.

அபுல் ஹஸன்: என்னது?

செல்வி: மூச்சு. திரையில பச்சை விழுந்திருக்கு. பக்கத்துல பேரும் போட்டிருக்கு. நீங்க எந்திரிச்சு வர வேண்டாம். வள்ளம் ஆடும். அங்கனயே இருங்க.

அபுல் ஹஸன்: நான் எங்க எந்திரிச்சேன். யாரு பேரு போட்டிருக்கு?

செல்வி: யாரத் தேடி என்னக் கூட்டிட்டு வந்தீங்களோ அவரு பேருதான். உங்க மச்சான் யாசிர்.

அபுல் ஹஸன்: அமத்து அத.

செல்வி: அமத்திட்டுத்தான் திரும்பப் போட்டேன். போட்ட ஒடனே வருது. பக்கத்துல வேற வள்ளம் ஏதும் நிக்கா? எவனாவது சங்கு குளிக்க இறங்கியிருப்பானோ?

அபுல் ஹஸன்: நீயே பாரு. அங்கன தெர்மல் புகைக்கூண்டு. இங்கன முயல்தீவு. நடுவுல நாம ரெண்டு பேரு. காக்கா குருவி இல்ல.

செல்வி: உங்க கம்ப்ரசரு?

அபுல் ஹஸன்: மச்சான் போன அன்னைக்கு நிறுத்துனது. காத்து போற டியூப்ப சுத்தி வச்சேன், இன்னும் பிரிக்கல. மேலருந்து காத்து போகாம கீழ எவன்ளா மூச்சு விடுவான்?

செல்வி: அதத்தான் நானும் கேக்கேன்.

அபுல் ஹஸன்: எங்கிட்ட கேட்டா? மெஷின் உன்னது.

செல்வி: ...இது பொய் சொல்லுது பாய். ஏன் சொல்லுதுன்னும் எனக்குத் தெரியும்னு நெனைக்கேன்.

அபுல் ஹஸன்: தெரிஞ்சவ மூஞ்சி ஏன் வெளுத்துப் போயிருக்கு?

செல்வி: வள்ளத்துல ஏறுனா எனக்கு இப்படித்தான். காலையில தின்ன இட்லி உள்ள இருக்கவா வெளிய வரவான்னு கேக்குது.

அபுல் ஹஸன்: முத்தையாபுரத்துல பொறந்துட்டு இப்படிச் சொல்லுத.

செல்வி: பக்கத்துல பொறந்தா போதுமா? எங்கப்பா ஹார்பருக்குள்ளயேதான் வேல பாத்தாங்க. ஒரு கப்பல்ல கால் வச்சதில்ல.

அபுல் ஹஸன்: தண்ணியப் பாக்காத. தூரத்துல தெரியுத தீவப் பாரு. கொமட்டல் நிக்கும்.

செல்வி: தீவப் பாத்தா திரைய யாரு பாக்க?

அபுல் ஹஸன்: ...இன்னும் வருதா?

செல்வி: வருது.

அபுல் ஹஸன்: எப்படி வருது?

செல்வி: நிதானமா. அவசரம் இல்லாம. மைக்கு ஒழுங்கா இறங்கியிருக்கா பாய்?

அபுல் ஹஸன்: கல்லக் கட்டி இறக்குனத நீ பாக்கலயா? கயிறு கீழ போய் நிக்கி பாரு.

செல்வி: பாத்தேன். சும்மா கேட்டேன்.

அபுல் ஹஸன்: பொய் சொல்லுதுன்னியே. அத மொதல்ல சொல்லு.

செல்வி: இந்த மெஷினோட மூளைய நான் செய்யல. வெளியூர்ல யாரோ எழுதுன லைப்ரரி. சத்தத்தக் கேட்டுக் கேட்டுப் படிக்கும். முங்குற ஆளு மூச்சு விடுத சத்தத்த வச்சு இது இன்னாருன்னு சொல்லும். மூச்சு நின்னா வள்ளத்துல இருக்கவனுக்குக் கூப்பாடு போடும். ஆனா அது பேசுறது சி பிளஸ் பிளஸ்னு ஒரு பாஷை. இந்த லேப்டாப்புல ஓடுத புரோகிராம் பேசுறது பைத்தான். ரெண்டுக்கும் நடுவுல நின்னு மாத்திச் சொல்லுறதுக்குப் பேருதான் பைண்டிங். அத எழுதுறதுதான் என் வேல.

அபுல் ஹஸன்: துபாஷி.

செல்வி: அதேதான்.

அபுல் ஹஸன்: துபாஷி மாத்திச் சொல்லிட்டா?

செல்வி: கீழ என்ன நடக்குன்னு மேல இருக்கவனுக்குத் தெரியாது. அவன் துபாஷியத்தான நம்பணும்.

அபுல் ஹஸன்: நான் பாத்த வேலையும் அதான்ளா. கீழ அவன். மேல உலகம். நடுவுல கயித்தப் பிடிச்சுட்டு நான்.

செல்வி: எல்லா வள்ளத்துலயும் மச்சான்தான் கயிறு பிடிப்பாங்களாமே. அண்ணன் தம்பி பிடிக்க மாட்டாங்களாம்.

அபுல் ஹஸன்: அண்ணன் தம்பின்னா சொத்துல சண்டை வரும். கூட்டாளின்னா தூங்கிருவான். மச்சான் தூங்க மாட்டான். கையில பிடிச்சிருக்கது வெறும் கயிறு இல்ல, அவன் கூடப் பொறந்தவ கழுத்துல கெடக்க கருகமணி. அவன் கை தளந்தா அவன் வீட்டுலதான் அழுகச் சத்தம் கேக்கும்.

செல்வி: ...

அபுல் ஹஸன்: நான் தூங்கல.

செல்வி: தூங்குனீங்கன்னு யாரும் சொல்லல பாய்.

அபுல் ஹஸன்: கயிறு இழுபடவே இல்ல. இழுபட்டா தூக்கணும், இழுபடலன்னா தூக்கக் கூடாது. அவன் சங்கு பொறக்கிட்டு இருப்பான், நடுவுல தூக்குனா ஏசுவான். அதனால காத்துட்டே இருந்தேன். பொறவு தூக்குனேன். டியூப்பு வந்துது. கயிறு வந்துது. ஆளு வரல.

செல்வி: அன்னைக்கு இந்த மெஷின் உங்க வள்ளத்துல இருந்திருந்தா...

அபுல் ஹஸன்: அத விடு. உன் வேல அப்போ முடியல. முடியாதத எங்கிட்டு இருந்து கொண்டு வர.

செல்வி: மொத மொதல்ல மூச்சு குடுத்ததே அவருதான். அவரு மூச்சக் கேட்டுத்தான் இது படிச்சுது.

அபுல் ஹஸன்: அதனாலதான எந்தங்கச்சி இதப் பிடிச்சுக்கிட்டா. பள்ளிவாசல் ஹஜ்ரத்து வீட்டுக்கே வந்து பக்குவமாச் சொன்னாரு. ஜமாத்துல பெரியவங்க சொன்னாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு ஜெய்னம்பு ஒண்ணுதான் கேட்டா, எம் மாப்பிள மௌத்தாப் போனதக் கண்ணால பாத்தது யாருன்னு. ஒருத்தரும் வாயத் தெறக்கல. நானும்தான்.

செல்வி: நான் போயிருந்தப்பவும் அதத்தான் கேட்டாங்க.

அபுல் ஹஸன்: புருசன் மௌத்துக்கு வீட்டோட உக்காருத இத்தா இருக்க மாட்டேங்கா. புருசன் உசிரோட இருக்கப்ப எதுக்கு இத்தாங்கா. தெரேஸ்புரத்துல ஒவ்வொரு வள்ளம் கரை ஏறுறப்பவும் போய் நிக்கா. எல்லாரும் இறங்கி முடியட்டும்னு நின்னு பாத்துட்டு வாரா. சோறு எறங்கல. இப்படியே போனா இன்னொரு மௌத்த நான் பாக்கணும்.

செல்வி: ஜெய்னம்பு லாத்தாகிட்ட மெஷின் சாட்சி சொல்லாதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

அபுல் ஹஸன்: கேக்க மாட்டா. மனுசன் சொன்னா பாசத்துல சொல்லுதான்னு நெனைப்பா. மெஷினுக்குப் பாசம் கெடையாதே. அவரு முங்குன எடத்துல அத இறக்கிக் கேளுங்க, அது இல்லன்னு சொன்னா இன்னைக்கே உக்காருதேன்னா.

செல்வி: இருக்குன்னு சொன்னா?

அபுல் ஹஸன்: அவ கேக்கல. நானும் கேக்கல. இருக்குன்னு நாம போயிச் சொன்னோம்னா அவ அந்தக் கரைய விட்டு எந்திரிக்கவே மாட்டா செல்வி. அவ்வளவுதான், அவ கதை முடிஞ்சுது.

செல்வி: சொல்ல வேண்டி வராது. கேளுங்க. லைப்ரரி என்ன செய்யும்னா, வார சத்தத்த ஒரு எடத்துல வைக்கும். வாடக வீட்டுல குடி வைக்க மாதிரி. எங்கிட்ட அந்த வீட்டு விலாசத்த மட்டும் குடுக்கும். வேல முடிஞ்சதும் வீட்டக் காலி பண்ணிரும்.

அபுல் ஹஸன்: சரி.

செல்வி: காலி பண்ணுனத என் துபாஷிக்கு யாரும் சொல்லலன்னு வைங்க. அவன் கையில பழைய விலாசம். திரும்பத் திரும்ப அங்கனயே போய் எட்டிப் பாக்கான். புதுசா ஒருத்தர் குடி வார வரைக்கும் பழைய ஆளு சாமான் அங்கனதான கெடக்கும்?

அபுல் ஹஸன்: யாரு சாமான்?

செல்வி: புரோகிராம் ஆரம்பிக்கப்ப யாசிர் அண்ணனோட பழைய பதிவ ஒருக்க வாசிக்கும், ஒப்பிட்டுப் பாக்க. அது கெடந்த எடத்தத்தான் இவன் இன்னும் பாத்துட்டு நிக்கான்னு தோணுது.

அபுல் ஹஸன்: அப்போ இது இப்ப விடுத மூச்சு இல்ல.

செல்வி: இல்ல.

அபுல் ஹஸன்: மைக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது.

செல்வி: கெடையவே கெடையாது. மைக்க வீட்டுலயே வச்சுட்டு வந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

அபுல் ஹஸன்: ...அல்ஹம்துலில்லாஹ்.

செல்வி: என்ன பாய், மூச்சே வந்த மாதிரி சொல்லுதீங்க.

அபுல் ஹஸன்: ஒண்ணும் இல்ல. சரி பண்ணு அத. இங்கன வச்சே பண்ண முடியுமா?

செல்வி: முடியும். விலாசத்த வாங்குறதுக்குப் பதிலா சாமான நகலெடுத்து நம்ம கையில வச்சுக்கணும். அப்போ அவன் எந்த வீட்டக் காலி பண்ணுனா நமக்கு என்ன. கொஞ்சம்தான் எழுதணும். பொறவு கம்பைல் ஆகணும். இந்த லேப்டாப்பு கெழடு, அது ஒரு நேரம் பிடிக்கும்.

அபுல் ஹஸன்: எழுது. நான் பேசல.

செல்வி: ...

அபுல் ஹஸன்: ...

செல்வி: ...

அபுல் ஹஸன்: செல்வி.

செல்வி: பேசலன்னீங்க.

அபுல் ஹஸன்: அத... கேக்க முடியுமா? காதால.

செல்வி: எதுக்கு பாய்?

அபுல் ஹஸன்: பழசுதானன்னு சொன்ன. பழசக் கேட்டா என்ன.

செல்வி: ...சின்னதா வைக்கேன். இந்தா. கேக்கா?

அபுல் ஹஸன்: ம். அவன்தான்.

செல்வி: அவரு பதிவுதான பாய். அவராத்தான் இருக்கும்.

அபுல் ஹஸன்: இந்தா... இப்ப கேட்டியா? நீளமா ஒண்ணு. பொறவு சின்னதா ரெண்டு. சங்கு கண்ணுல பட்டா அப்படித்தான் விடுவான். சின்னப் புள்ள மிட்டாயப் பாத்த மாதிரி.

செல்வி: பதிவு எடுத்தப்பவும் அப்படி விட்டிருப்பாரு.

அபுல் ஹஸன்: பதிவு எடுத்த அன்னைக்கு சங்கு கெடைக்கலயே. வெறுங்கையோட ஏறுனான். மெஷினுக்குப் பயந்து சங்கு ஓடிட்டுன்னு நீதான கிண்டல் பண்ணுன.

செல்வி: ...வேற நாளும் எடுத்தோம்.

அபுல் ஹஸன்: எடுத்தோம்... எடுத்தோம்.

செல்வி: எடுத்தோம் பாய்.

அபுல் ஹஸன்: அந்தப் பதிவு தீராதாளா? ஒரு பாட்டுன்னா முடியும்ல.

செல்வி: தீரும். தீந்தா மொதல்லருந்து வரும்.

அபுல் ஹஸன்: மொதல்லருந்து வரலயே. அவன் பாட்டுக்குப் போயிட்டே இருக்கான். எங்க போறான் அவன்?

செல்வி: சத்தத்த அமத்துதேன். கவனம் செதறுது.

அபுல் ஹஸன்: அமத்து.

செல்வி: எழுதியாச்சு. இனி கம்பைல் ஆகணும். தண்ணி இருக்கா பாய்?

அபுல் ஹஸன்: உனக்குப் பின்னால கேன்ல இருக்கு. எடுத்துக்க. நான் எந்திரிச்சா வள்ளம் சாயும்.

செல்வி: காலையிலருந்து ஒரே எடத்துல உக்காந்திருக்கீங்க. காலு மரத்துப் போவும்.

அபுல் ஹஸன்: கயிறு பிடிக்கவனுக்கு அது பழக்கம். ஆயிட்டா?

செல்வி: ஆவுது.

அபுல் ஹஸன்: காத்து விழுந்துட்டு பாத்தியா. தண்ணி எண்ணெ ஊத்துன மாதிரி கெடக்கு.

செல்வி: நான் பாக்கல.

அபுல் ஹஸன்: பாக்காத.

செல்வி: ...ஆயிட்டு. ஓட்டுதேன்.

அபுல் ஹஸன்: பிஸ்மில்லாஹ்.

செல்வி: ...

அபுல் ஹஸன்: என்ன சொல்லுது?

செல்வி: இருங்க.

அபுல் ஹஸன்: செல்வி.

செல்வி: இருங்க பாய். இன்னொரு மாத்தம் பண்ணிட்டு ஓட்டுதேன்.

அபுல் ஹஸன்: ...

செல்வி: ...

அபுல் ஹஸன்: வாயத் தெறந்து சொல்லேன்ளா.

செல்வி: இல்ல.

அபுல் ஹஸன்: என்ன இல்ல?

செல்வி: மூச்சு இல்ல. யாரும் இல்லன்னு காட்டுது. பச்சை போயிட்டு.

அபுல் ஹஸன்: ...நெசமா?

செல்வி: பழைய விலாசம்தான். நான் சொன்னேன்ல.

அபுல் ஹஸன்: நான் வந்து ஒருக்கப் பாக்கட்டுமா?

செல்வி: வேண்டாம். வெயிலுக்குத் திரை உங்களுக்குத் தெரியாது.

அபுல் ஹஸன்: சரி. ...சரி. நானும் எந்திரிக்கல.

செல்வி: லாத்தாவுக்குப் போன் போடுங்க. நான் மனசு மாறுறதுக்குள்ள.

அபுல் ஹஸன்: எதுக்கு மனசு மாறணும்?

செல்வி: ஒண்ணுமில்ல. போடுங்க. இங்கன டவர் கெடைக்கும்.

அபுல் ஹஸன்: ஸ்பீக்கர்ல போடுதேன். ...ஜெய்னம்பு? நாந்தான்.

ஜெய்னம்பு: தெரியுது காக்கா. சொல்லு.

அபுல் ஹஸன்: எங்க இருக்க?

ஜெய்னம்பு: கரையிலதான். வேற எங்க இருப்பேன். அந்தப் புள்ள வாந்தி எடுத்தாளா?

அபுல் ஹஸன்: இன்னும் இல்ல.

ஜெய்னம்பு: எலுமிச்சங்கா குடுத்து விட்டேனே, மோந்து பாக்கச் சொல்லு. ...கேட்டுட்டீங்களா?

அபுல் ஹஸன்: கேட்டாச்சு. ...இல்லன்னு சொல்லிட்டும்மா.

ஜெய்னம்பு: நீ பாத்தியா?

அபுல் ஹஸன்: வெயிலு. எனக்குத் தெரியல. செல்வி பாத்தா.

ஜெய்னம்பு: அவகிட்ட குடு. செல்வி, என்னளா சொல்லுது உன் மெஷின்?

செல்வி: இல்லன்னு சொல்லுது லாத்தா.

ஜெய்னம்பு: ஒருக்கதான் கேட்டியா?

செல்வி: திரும்பவும் கேட்டேன்.

ஜெய்னம்பு: மொதல்ல கேட்டப்பவும் இதையேதான் சொல்லிச்சா?

செல்வி: ...ஆமா லாத்தா.

ஜெய்னம்பு: ம். காக்கா, மைக்கு தரை தொட்டிச்சா?

அபுல் ஹஸன்: தொட்டிச்சு. மச்சான் எறங்குன பாறை மேலயே கெடக்கு.

ஜெய்னம்பு: நீதான எறக்குன?

அபுல் ஹஸன்: என் கையாலதான்.

ஜெய்னம்பு: ...

அபுல் ஹஸன்: ஜெய்னம்பு?

ஜெய்னம்பு: இருக்கேன். ...கரண்டு போன வீட்டுல பேன் சுத்துதான்னு அண்ணாந்து பாத்துட்டே இருந்த மாதிரி இருந்திருக்கேன் காக்கா இத்தன நாளும். கழுத்துதான் வலிக்கி.

அபுல் ஹஸன்: வீட்டுக்குப் போம்மா.

ஜெய்னம்பு: போறேன். அசர் தொழுதுட்டு இத்தா உக்காருதேன். ஹஜ்ரத்துட்ட சொல்லிரு. கருகமணிய நானே கழட்டிக்கிடுதேன். பொம்பளைகள யாரையும் அனுப்பாத.

அபுல் ஹஸன்: சரி.

ஜெய்னம்பு: நீயும் கயித்த நெனச்சிட்டு உக்காந்திருக்காத. நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். வச்சிருதேன்.

அபுல் ஹஸன்: ...வச்சிட்டா.

செல்வி: அழுதாங்களா?

அபுல் ஹஸன்: இனி அழுவா. இத்தன நாளும் அழல. இனி அழுது, ஒரு வாய் தின்னுட்டு, தூங்குவா. நீ பெரிய நல்லது செஞ்சிருக்க தாயி.

செல்வி: நங்கூரத்த எடுங்க பாய். கரைக்குப் போயிரலாம்.

அபுல் ஹஸன்: போவோம். நீ மொதல்ல அத மூடு.

செல்வி: ...மூடக் கை வரல.

அபுல் ஹஸன்: ஏன்?

செல்வி: இன்னும் வருது பாய்.

அபுல் ஹஸன்: ...என்ன சொல்லுத?

செல்வி: லாத்தாவுக்காகத்தான் இல்லன்னு சொன்னேன். உங்களுக்காகவும்தான். நகல் எடுத்தாச்சு. பழைய விலாசம் போயாச்சு. ரெண்டாவது ஓட்டுனப்ப அந்தப் பதிவ வாசிக்க எடத்தையே வெட்டி எறிஞ்சுட்டேன். அப்பவும் பச்சைதான். இப்பவும் பச்சைதான். இனி இதுக்குள்ள ஒரு சத்தம் வரணும்னா மைக்கு வழியா மட்டும்தான் வர முடியும். வேற வாசலே கெடையாது. அவரு கீழதான் இருக்காரு பாய். அவங்கள இத்தாவுல உக்கார வச்சுட்டு நான் எப்படிக் கரையேற?

அபுல் ஹஸன்: கீழ இல்ல செல்வி.

செல்வி: எப்படிச் சொல்லுதீங்க?

அபுல் ஹஸன்: இது இருக்குன்னு சொல்லிருமோன்னு பயந்து நான் மைக்க எறக்கவே இல்ல. கீழ போனது கயிறும் கல்லும்தான். மைக்கு காலையிலருந்து ஒரு பொட்டு ஈரம் படாம, இடுப்புல கட்டுன சாரத்துக்குள்ள சுத்தி, எம் மடியிலதான் இருக்கு.